ஒன்றும் இல்லாத இரண்டு நோயாளிகள்

எனக்குக் கல்லீரலில் புற்றுநோய் என்று தெரிந்தவுடன் என் மனைவி சரசு அழவில்லை. கிளினிக் வாசலிலிருந்து என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துக்கொண்டு போய், குரலைத் தாழ்த்தி, "எப்பங்க குடிச்சீங்க?" என்று கேட்டாள்.

நான் குடித்ததில்லை. அறுபத்தேழு வயதுவரை கள்ளோ சாராயமோ கசிப்போ என் உதட்டில் பட்டதில்லை. ஹல்துமுல்லைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் முப்பத்தொரு வருடம் கணக்கப்பிள்ளையாக இருந்தேன். கோயில் திருவிழாவில் மதுவிலக்கைப் பற்றிப் பேச ஆள் வேண்டுமென்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். கூப்பிடாத வருடங்களிலும் நானாகப் போய் மைக்கைப் பிடித்துக்கொள்வேன். குடிகாரன் ஈரல் வெந்து சாவான் என்று நான் அடித்தொண்டையில் முழங்கும்போது, முன்வரிசையில் நிற்பவர்கள் தலையைக் குனிந்துகொண்டு எப்போது அன்னதானம் போடுவார்கள் என்று காத்திருப்பார்கள். அப்படிப்பட்டவனுக்குப் போய் ஈரலில் நோய். தோட்டத்துக்கு இது எப்பேர்ப்பட்ட செய்தி என்று நீங்களே நினைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதே நோய் வந்தவர்களும், அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களும் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். நான் செய்த மடத்தனத்தை நீங்கள் செய்ய வேண்டாம்.

நோய் வந்தது எனக்குத் தெரியவே இல்லை. பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை போட வேண்டியிருந்தது. காலையில் நடக்கிறேன், அதனால் உடம்பு இளைக்கிறது என்று பெருமைப்பட்டுக்கொண்டேன். வலப்பக்க விலாவுக்குக் கீழே ஏதோ வைத்து அடைத்தமாதிரி இருந்தது. வாய்வு என்று இஞ்சிச் சாறு குடித்தேன். கடைசியில் சீனி வருத்தத்துக்கு, அதாவது நீரிழிவுக்கு, மருந்து கொடுக்கிற டொக்டர்தான் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். ஸ்கேன் அறையில் என் வயிற்றில் குளிர்ந்த பசையைத் தடவிக் கருவியை உருட்டிக்கொண்டிருந்தவர், அதுவரை கிரிக்கெட் பேசிக்கொண்டிருந்தார். சட்டென்று பேச்சை நிறுத்திவிட்டார்.

பிறகு சீடி ஸ்கேன். பெரிய வளையத்துக்குள் படுக்க வைத்து, நரம்பில் ஒரு மருந்தை ஏற்றுவார்கள். உடம்பெல்லாம் சூடு பரவும், மூத்திரம் போய்விட்டமாதிரித் தோன்றும், ஆனால் போகாது, பயப்பட வேண்டாம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். சொல்லியும் நான் தலையைத் தூக்கிக் கட்டியிருந்த சாரத்தைப் பார்த்தேன். அசைந்துவிட்டேன் என்று மறுபடியும் முதலிலிருந்து எடுத்தார்கள்.

பதுளையில் நான் போன கிளினிக்கில் இருந்தவர் யாழ்ப்பாணத்து டொக்டரம்மா. என் மகள் வயதுதான் இருக்கும். படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டிப் பொறுமையாக விளக்கினார்.

"ஐயா, குடிச்சால்தான் ஈரல் பழுதாகும் எண்டில்லை. உங்களுக்கு இருவது வருசமாச் சீனி வருத்தம். ஈரலில கொழுப்புப் படிஞ்சு, அது தழும்பாகி, அந்தத் தழும்புக்குள்ள கட்டி வந்திருக்கு."

"டொக்டர், அத ஒரு துண்டுல எழுதி சீல் குத்தித் தருவீங்களா?" என்று கேட்டேன்.

"எதை?"

"நான் குடிக்கலைங்கறத."

நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்து அவர் சிரித்தார். நான் பகிடி விடவில்லை. கோயில் அறிவிப்புப் பலகையில் ஒட்ட எனக்கு அந்தத் துண்டு உண்மையாகவே வேண்டியிருந்தது.

"வெட்டி எடுக்க ஏலாது ஐயா," என்று அவர் தொடர்ந்தார். "கட்டி ஈரலின்ர பெரிய நாளத்துக்குள்ள போயிட்டுது. குளிசை தாறன். அது கட்டியைக் கரைக்கிற மருந்தில்லை. கட்டிக்குப் போற இரத்தத்தைக் குறைச்சு, வளர விடாமல் பிடிச்சு வைக்கும். எவ்வளவு காலத்துக்கு எண்டு ஒருத்தராலயும் சொல்ல ஏலாது."

திரும்பி வரும்போது பண்டாரவளை வரைக்கும் சரசு ஜன்னல் பக்கம் திரும்பி அழுதாள். என்னால் அவளைத் தேற்ற முடியவில்லை. எனக்குச் சாகப் பயமாக இருந்தது. அதை மறைப்பானேன்? பேரன் பேத்தி, கடமை, பாக்கியம் என்றெல்லாம் எதுவும் என் மனதில் வரவில்லை. நான் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்த நாள் முதலில் பார்க்க வந்தவன் பக்கத்து வீட்டு முத்தையா. தோட்டத்திலேயே பெரிய குடிகாரன். என் மதுவிலக்குப் பேச்சுகளில் பாதி அவனுக்காகவே தயாரித்தவை. இரண்டு அன்னாசியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"ஐயா, நீங்க ஒன்னுக்கும் கவலப்படாதீங்க. நான் ஒரு ஆளுகிட்ட வாயத் தொறக்க மாட்டேன்."

"என்னத்தப்பா தொறக்க மாட்ட?"

"அதாங்க." கண்ணைச் சிமிட்டினான். "இத்தன வருசமா ஒருத்தனுக்கும் தெரியாம சமாளிச்சிருக்கீங்க பாருங்க. எனக்கெல்லாம் ஒரு நாளைக்குக்கூட முடியல. எந்தக் கடையிலங்க வாங்குனீங்க?"

நான் கத்திய கத்தலில் சரசு அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். முத்தையா கொஞ்சமும் கோபப்படவில்லை. அவன் பார்வையில் நான் அன்றுதான் மனிதனானேன் என்று நினைக்கிறேன். அன்றிலிருந்து ஒவ்வொரு கிளினிக்குக்கும் பையைத் தூக்கிக்கொண்டு என்னுடன் வந்தான். எனக்காக மூன்று நாள் குடிக்காமலும் இருந்தான். நாலாவது நாள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போய்விட்டான்.

மாத்திரை காலையில் இரண்டு, மாலையில் இரண்டு. வெறும் வயிற்றில் போட வேண்டும், இல்லையென்றால் எண்ணெய், தேங்காய்ப்பால் சேராத சாப்பாட்டோடு போட வேண்டும். கொழுப்புச் சேர்ந்தால் மருந்து உடம்பில் சரியாகப் பிடிக்காதாம். தேங்காய்ப்பால் இல்லாமல் சரசு வைத்த கறிகளைப் பற்றி இங்கே எழுதுவது அவளுக்குச் செய்கிற துரோகம். சாப்பிட்டேன் என்று மட்டும் சொல்கிறேன்.

மருந்து தொடங்கி இரண்டாவது வாரம் உள்ளங்கை எரியத் தொடங்கியது. மூன்றாவது கிழமை உள்ளங்கால். மிளகாய் அரைத்துப் பூசியமாதிரி எரிச்சல். பிறகு தோல் தடித்து, சிவந்து, குதிகாலில் கொப்புளம் போட்டது. வயிற்றாலும் போனது. காலையில் கக்கூசுக்குப் போனால் பத்திரிகையின் விளம்பரங்கள் வரை படித்து முடித்துவிட்டுத்தான் வருவேன். சரசு பழைய மெத்தையின் பஞ்சை வட்டமாக வெட்டி என் செருப்புக்குள் தைத்துக் கொடுத்தாள். கத்தரிக்கோலைப் பிடித்தபடி என் காலைப் பார்த்தவள், "டொக்டரம்மாகிட்டச் சொல்லிருங்க," என்றாள்.

"சொல்ல மாட்டேன். நீயும் சொல்லக்கூடாது," என்றேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்கள் வரிசையாக நிற்பார்கள். அங்கேதான் யார் யாருக்கு எந்த மலையில் வேலை என்று பிரித்துக் கொடுப்பது. "ஒடம்புக்கு எப்படி?" என்று துரையோ கணக்கப்பிள்ளையோ கேட்டால், பதில் ஒன்றே ஒன்றுதான். "ஒன்னும் இல்லீங்க." முடியவில்லை என்று சொன்னவரை அன்றைய கூலி இல்லாமல் திருப்பி லயத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். காய்ச்சலோடு நின்று ஒன்றும் இல்லை என்று சொன்ன பெண்கள் எத்தனையோ பேர். அது பொய் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் பேர் எழுதி மலைக்கு அனுப்பியிருக்கிறேன். இப்போது டொக்டரம்மா பேனாவோடு உட்கார்ந்து, "என்ன செய்யுது ஐயா?" என்று கேட்கும்போது, அந்த வரிசையில் நான் நிற்கிறேன். கால் எரிகிறது என்று சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார். நிறுத்தினால் கட்டி வளரும். கட்டி வளர்ந்தால் நான் இல்லை.

"ஒன்னும் இல்லீங்க டொக்டர்," என்றேன்.

"கை கால் எரிவு?"

"இல்லீங்க." கையை மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டேன்.

"வயித்தால போறது?"

"கல்லு மாதிரிங்க."

பக்கத்தில் சரசு தொண்டையைச் செருமினாள். நான் அவள் காலை மிதித்தேன். மிதித்த காலில்தான் கொப்புளம் இருந்தது. உயிர் போய் வந்தது, ஆனாலும் முகத்தில் சிரிப்பை விடவில்லை.

டொக்டரம்மாவுக்கு ஒரே சந்தோஷம். பெரிய பதிவேடு ஒன்றில் எழுதிக்கொண்டே, "நல்லது. மொனராகலையில இருந்தும் ஒரு ஐயா வாறார். இதே குளிசை, இதே நாலு. அவருக்கும் ஒரு கரைச்சலும் இல்லை," என்றார்.

அந்த மொனராகலைக்காரரை நான் அன்றிலிருந்து வெறுத்தேன். முகம் தெரியாத மனிதர். நாலு மாத்திரையைப் போட்டுக்கொண்டு, வெயிலில் கரும்புத் தோட்டத்தில் ஓடி ஆடித் திரிகிறார் என்று கற்பனை செய்துகொண்டேன். அவருக்கு முடிகிறது, எனக்கு முடியவில்லை என்றால் குறை என் உடம்பில்தான் இருக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த இரண்டு கிளினிக்கிலும் ஒன்றும் இல்லை என்றே சொன்னேன்.

நாலாவது தடவை போனபோது கூட்டம் அதிகம். நடைக்கூடத்து வாங்கில் உட்கார்ந்திருந்தேன். சரசு இரத்தச் சோதனைத் துண்டு எடுக்கப் போயிருந்தாள். முத்தையா தேத்தண்ணி தேடிப் போயிருந்தான். அப்போது தூரத்திலிருந்து வெள்ளைச் சாரம் கட்டிய ஒருவர் வந்தார். குதிகாலைத் தரையில் வைக்காமல், பாதத்தின் வெளி ஓரத்தால் மட்டும் நடந்து வந்தார். இரண்டு அடிக்கு ஒரு தரம் நின்று, சுவரில் இருந்த சுகாதாரப் படங்களை ரசிப்பதுபோல நடித்தார். அந்த நடை எனக்கு நன்றாகத் தெரியும். காலையில்தான் அதே படங்களை ரசித்துக்கொண்டு நானும் வந்திருந்தேன்.

என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நான் உள்ளங்கையை விரித்து மடியில் வைத்தேன். அவர் பார்த்தார். தன் கையை எடுத்து என் கைக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டும் ஒரே சிவப்பு.

"நாலா?" என்று சிங்களத்தில் கேட்டேன்.

"நாலு," என்றார். "மஹத்தயா எந்த ஊர்?"

"ஹல்துமுல்லை."

அவர் முகம் மாறியது. அவர் சிங்களத்தில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன். "தேயிலைத் தோட்டத்தில் கணக்கு எழுதினவரா? ஒரு கரைச்சலும் இல்லாமல் இருக்கிறாரே, அவரா?"

"நீங்கள் மொனராகலையா?"

"கருணாதாச," என்றார்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். எனக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அவருக்கும் வந்தது. கண்ணில் தண்ணீர் வரும்வரைக்கும் சிரித்தோம். என் பொய்யைக் கேட்டு அவர் வெட்கப்பட்டுத் தன் வலியை மறைத்திருக்கிறார். அவருடைய பொய்யைக் கேட்டு நான் என்னுடையதை மறைத்திருக்கிறேன். "உன்னால் நான் செருப்புப் போட்டு ஒரு மாதம்," என்று அவர் என் தோளில் அடித்தார். அடித்த கை வலித்து "அம்மே" என்றார். அதற்கும் சிரித்தோம்.

தலையை நிமிர்த்தினால் டொக்டரம்மா முன்னால் நிற்கிறார். நாலு உள்ளங்கைகளையும் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் சிரிக்கவில்லை.

என்னையும், அதற்குள் திரும்பி வந்திருந்த சரசுவையும் உள்ளே கூட்டிப் போய்ப் பதிவேட்டைத் திறந்து என் பக்கத்தைக் காட்டினார். மூன்று தடவையும் அவருடைய கையெழுத்தில் ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று இருந்தது.

"ஐயா, இந்த மருந்தைச் சோதிச்சுப் பாத்த நேரம், ஈரல் நல்லா வேலை செய்யிற ஆக்களாப் பொறுக்கி எடுத்துத்தான் குடுத்தவை. வேற வருத்தங்கள் இருக்கிற ஆக்கள், மூண்டு பஸ் மாறி வாற ஆக்கள் அதுக்குள்ள குறைவு. எங்கட சனத்துக்கு இது என்ன செய்யுது, எவ்வளவு தாங்குது எண்டு அறியத்தான் நான் இதை எழுதிறன். நீங்கள் சொன்ன பொய்யை வச்சு இன்னொராளுக்கு நான் தைரியம் சொல்லியிருக்கிறன். ஒராளை ஒராளுக்கு உதாரணம் காட்டினது என்ர பிழைதான். ஆனா நீங்கள் ஏன் மறைச்சனீங்கள்?"

அவர் குரல் கொஞ்சம் உடைந்திருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இரண்டு கிழமைக்கு மருந்தே வேண்டாம் என்றார். காலுக்குப் பூச ஒரு களிம்பு, வயிற்றுக்கு ஒரு மருந்து. அதன் பிறகு நாலு இல்லை, இரண்டு மாத்திரை மட்டும். கிளினிக் கொப்பியில் நாலை வெட்டி இரண்டு என்று எழுதுவதைப் பார்த்தேன்.

"டொக்டர், அரைப் பேரு போட்டுறாதீங்க," என்றேன்.

அவருக்கு விளங்கவில்லை. சரசுதான் விளக்கினாள். "ஒரு நாளைக்கு இத்தன கிலோ கொழுந்துன்னு இருக்குங்க டொக்டர். அது வரலேன்னா முழு நாளும் நின்னு எடுத்தாலும் அரை நாள்னுதான் பேரு விழும். இவரு எத்தன பேருக்குப் போட்டாரு தெரியுங்களா? கல்யாணத்துக்கு முன்னாடி எனக்கே போட்டுருக்காரு. அரைக் கிலோ கொறஞ்சுச்சுன்னு."

"கால் கிலோ," என்றேன்.

"பாத்தீங்களா? இன்னமும் ஞாபகம் வச்சிருக்காரு!"

டொக்டரம்மா அன்று முதல் தடவையாகச் சிரித்தார். "இது அரை இல்லை ஐயா. உங்கட உடம்பு தாங்கிற அளவுதான் உங்களுக்கு முழு அளவு. நாலைப் போட்டு மூண்டு மாசத்தில விழுறதை விட, ரெண்டைப் போட்டு நிண்டு பிடிக்கிறது நல்லம். விளங்குதோ?"

விளங்கியது என்று தலையாட்டினேன். உண்மையில் அன்று விளங்கவில்லை.

எனக்கு எரிச்சல் இரண்டு கிழமையோடு போயிற்று. கருணாதாசவுக்கு அப்படி இல்லை. அவருக்கும் சீனி வருத்தம் இருந்தது. குதிகால் புண்ணில் கிருமி ஏறி, அன்றைக்கே காய்ச்சலோடு வார்ட்டில் படுக்க வைத்தார்கள். ஈரல் சோதனையும் மோசமாக வந்தது. மருந்தை முழுவதாக நிறுத்திவிட்டார்கள். அடுத்த கிழமை பார்க்கப் போனேன். காலைத் தலையணையில் தூக்கி வைத்திருந்தார்கள். கண் மஞ்சளாக இருந்தது. நான் வாழைப்பழச் சீப்பை வைத்துக்கொண்டு நின்றேன்.

"என்னால் வந்தது," என்றேன்.

"என் வாயால் வந்தது," என்றார் அவர். பிறகு, "மறுபடியும் தருவார்களா?" என்று கேட்டார்.

தெரியாது என்றேன். வீட்டுக்கு வந்து சரசுவிடம்கூடச் சொல்லாமல் அழுதேன். நோய் வந்ததிலிருந்து நான் எனக்காக மட்டும்தான் பயந்துகொண்டிருந்தேன். இன்னொருவருக்காகப் பயப்பட்டது அந்தக் கிழமைதான். முத்தையா விஷயம் கேள்விப்பட்டு, அந்த மொனராகலை ஐயா நிஜமாகவே குடிக்காதவர்தானா என்று விசாரித்தான். ஆமாம் என்றேன். "அப்ப நம்ம பக்கத்துல குடிக்காதவங்களுக்கு மட்டுந்தாங்க இது வருது," என்று கவலைப்பட்டான். அப்படியெல்லாம் இல்லை, குடித்தால் வருவது இன்னும் நிச்சயம் என்று அவனுக்கு அரை மணி நேரம் விளக்கினேன். மைக் இல்லாமல் பேசினால் அவன் கொஞ்சம் கேட்கத்தான் செய்கிறான்.

மூன்று மாதம் கழித்து எனக்கு மறுபடியும் ஸ்கேன் எடுத்தார்கள். டொக்டரம்மா பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"அப்படியே இருக்கு ஐயா. கூடேல்லை."

"அப்ப கொறையலீங்களா?" என்றாள் சரசு.

"இந்த வருத்தத்தில கூடாமல் இருந்தாலே நல்ல சேதி அம்மா."

நான் மேசையில் தலையைச் சாய்த்து அழுதேன். டொக்டரம்மா என் பதிவேட்டுப் பக்கத்தில் ஏதோ எழுதிக்கொண்டு, நான் முடிக்கும்வரை காத்திருந்தார்.

கருணாதாசவின் புண் ஆற இரண்டு மாதத்துக்கு மேலாயிற்று. ஈரல் சோதனையும் மெல்ல மெல்லத் தேறியது. போன மாதம் அவருக்கு ஒரே ஒரு மாத்திரையோடு மறுபடியும் தொடங்கினார்கள். இந்த மாதம் இருவருக்கும் ஒரே நாளில் கிளினிக். வாங்கில் என் பக்கத்தில் உட்கார்ந்து, நான் காலையில் பட்ட பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தபோதே கவனித்துவிட்டேன், இடது காலில் மட்டும் சொக்ஸ் போட்டிருந்தார். அவர் என் பார்வையைப் பார்த்தார்.

"சொல்லாதே," என்றார். "இந்த முறை நிறுத்தினால் திரும்பத் தரமாட்டார்கள். எனக்குத் தெரியும்."

என்ன சொல்வது? சொன்னால் மருந்து போய்விடலாம். சொல்லாவிட்டால் கால் போய், பிறகு மருந்தும் போய்விடும். உள்ளே கூப்பிட்டார்கள். இப்போதெல்லாம் டொக்டரம்மா எங்கள் இருவரையும் ஒன்றாகத்தான் கூப்பிடுகிறார்.

"என்ன செய்கிறது?" என்று அவரிடம் சிங்களத்தில் கேட்டார்.

"மொகுத் நே, டொக்டர் மிஸ்," என்றார் கருணாதாச, புன்னகையோடு. ஒன்றும் இல்லையாம்.

நான் குனிந்தேன். அவர் காலை இழுத்துக்கொள்வதற்குள் பிடித்து, சொக்ஸை உருவிவிட்டேன். "இருக்குங்க டொக்டர். எழுதுங்க," என்றேன்.

குதிகாலில் ஐந்து சதக் காசு அளவில் ஒரு சிவப்பு. டொக்டரம்மா எழுந்து வந்து, குந்தி உட்கார்ந்து, விரலால் மெல்ல அழுத்திப் பார்த்தார். கருணாதாச என்னைப் பார்த்த பார்வையில் நான் எரிந்துபோயிருக்க வேண்டும்.

"இது ஆரம்பம்தான்," என்று சிங்களத்தில் சொன்னார் டொக்டரம்மா. "களிம்பு தருகிறேன். இப்போதே காட்டியதால் மருந்தை நிறுத்தத் தேவையில்லை."

கருணாதாச இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. பிறகு சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் பக்கம் விரலை நீட்டினார்.

"இவர் காலையில் பஸ்ஸில் இரண்டு தரம் வாந்தி எடுத்தார், மிஸ். பல் துலக்கும்போது இரத்தம் வருகிறதாம். வெளியில் என்னிடம் சொன்னார், உங்களிடம் சொல்லமாட்டார். அதையும் எழுதுங்கள்."